ஜீன் பர்டி: பேர் இல்லாத ஒரு வேலையின் முதல் ஆள்

டெஸ்ட் ட்யூப் பேபின்னு சொன்னதும் ஏதோ கண்ணாடிக் குழாய்க்குள்ள குழந்தை மிதக்கிற மாதிரி ஒரு படம் மனசுல வந்துடும். உண்மையில எந்தக் குழந்தையும் குழாய்க்குள்ள வளர்றதில்ல. முட்டையும் விந்தணுவும் சந்திக்கிறது உள்ளங்கையில அடங்கிற ஒரு வட்டத் தட்டில், அதிலும் ஒரு சொட்டுத் திரவத்துக்குள்ள. அங்கே கரு இருக்கப்போறது ரெண்டு நாளிலிருந்து அஞ்சாறு நாள் வரைக்கும்தான். அதுக்கு முன்னாடி முட்டையை எடுத்த டாக்டர் இருக்கார். அதுக்கு அப்புறம் அம்மாவின் வயிறு இருக்கு. நடுவில இருக்கிற அந்தச் சில நாளை யார் பார்த்துக்கிறது?

அதைப் பார்த்துக்கிறவங்களுக்கு எம்பிரியாலஜிஸ்ட்னு பேர். தமிழில் கருவியலாளர். நம்ம காலேஜ்ல இந்த வார்த்தையைச் சொன்னா பாதிப் பேர் இன்ஸ்ட்ருமென்டேஷன் டிபார்ட்மென்ட்டைக் கை காட்டுவாங்க. கருவியியல் வேற, கருவியல் வேற. நடுவில ஒரே ஒரு எழுத்து. ஆனா இந்தக் கதையில அந்த ரெண்டும் எவ்வளவு பக்கத்துல இருக்குன்னு போகப் போகத் தெரியும்.

மனிதக் கருவை உடம்புக்கு வெளியே காப்பாற்றி வளர்த்துத் திருப்பிக் கொடுக்கிற இந்த வேலையில் உலகத்தின் முதல் ஆள் என்று இன்னைக்குச் சொல்லப்படுகிறவர் ஜீன் பர்டி. அவர் டாக்டர் இல்ல. பிஎச்டி வாங்கினவரும் இல்ல. நர்ஸ் படிப்பு படிச்சவர். 2024ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'ஜாய்' படத்தைப் பார்த்தவங்களுக்குப் பேர் தெரிஞ்சிருக்கும். படம் நல்ல படம்தான். ஆனா படத்துக்கு அழுகையும் சண்டையும் தேவைப்படுது, அதனால மைக்ராஸ்கோப்புக்கு முன்னாடி உட்கார்ந்திருந்த நேரம் அதுல குறைஞ்சு போச்சு. எனக்கு அந்த நேரத்தைப் பத்திதான் எழுதணும்.

ஜீன் மரியன் பர்டி 1945 ஏப்ரல் 25ஆம் தேதி இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஊரில் பிறந்தார். கேம்பிரிட்ஜ்னா நமக்கு நியூட்டன் ஞாபகம் வரும். ஆனா அந்த ஊரிலும் பல்கலைக்கழகத்தை ஓட்டுறதுக்கு டெக்னீஷியன்கள் வேணுமே. ஜீனின் அப்பா அங்கே வேதியியல் துறையில் டெக்னீஷியனாக இருந்தவர். ஜீன் உள்ளூர்ப் பெண்கள் பள்ளியில் படிச்சார், பள்ளி ஆர்கெஸ்ட்ராவில் வயலின் வாசிச்சார். பிறகு அதே ஊர் அடன்புரூக்ஸ் மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சி. அதை முடிச்சுட்டு தெற்கே சவுதாம்ப்டனில் வேலைக்குப் போனார், ஊர் ஞாபகம் தாங்காம கேம்பிரிட்ஜ் பக்கமே திரும்பி வந்து பாப்வொர்த் மருத்துவமனையில் சேர்ந்தார். இதுவரைக்கும் ஒரு சாதாரண வாழ்க்கை.

1968ல் கேம்பிரிட்ஜ் உடலியங்கியல் ஆய்வகத்தில் ராபர்ட் எட்வர்ட்ஸ் என்கிற விஞ்ஞானி ஒரு ஆராய்ச்சி உதவியாளரைத் தேடிக்கிட்டிருந்தார். ஜீன் விண்ணப்பிச்சார், வேலை கிடைச்சது. வயசு 23. நம்மில் பலர் கேம்பஸ் இன்டர்வியூவில் உட்காருற வயசைவிட ரெண்டு வருஷம் கூட.

எட்வர்ட்ஸ் எலிகளின் முட்டையில் ஆராய்ச்சியைத் தொடங்கி, மனித முட்டையை உடம்புக்கு வெளியே கருவாக்க முடியுமான்னு பல வருஷமா முட்டி மோதிக்கிட்டிருந்தவர். அவருக்குப் பெரிய தடை முட்டை கிடைப்பதுதான். அதே 1968ல் ஓல்டம் ஊர் மகப்பேறு நிபுணர் பேட்ரிக் ஸ்டெப்டோவோடு கூட்டு சேர்ந்தார். வயித்தைப் பெருசா கிழிக்காம, தொப்புள் பக்கத்துல சின்ன துளை போட்டு உள்ளே குழாய் விட்டுப் பார்க்கிற லேப்ராஸ்கோப்பி முறையை பிரிட்டனில் முன்னுக்குக் கொண்டு வந்தவர் ஸ்டெப்டோ. கருக்குழாய் அடைச்சுப்போன பெண்களின் முட்டையை அந்த வழியா எடுத்து, வெளியே கருவாக்கி, அடைப்பைத் தாண்டி நேரா கருப்பையில் வைக்கணும். கேட்க பைபாஸ் ரோடு மாதிரி ரொம்ப எளிமையா இருக்கு, இல்லையா?

சிக்கல் ஊர் தூரத்தில் ஆரம்பிக்குது. ஓல்டம் வடக்கே, மான்செஸ்டர் பக்கத்துல இருக்கிற ஒரு பஞ்சாலை ஊர். கேம்பிரிட்ஜிலிருந்து 250 கிலோமீட்டருக்கு மேல. ஸ்டெப்டோ தன் நோயாளிகளை விட்டுட்டு வர முடியாது. அதனால எட்வர்ட்ஸும் ஜீனும்தான் காரில் போய்ப் போய் வந்தாங்க. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, பத்து வருஷம். ஓல்டமுக்குப் பக்கத்தில் ராய்ட்டனில் இருந்த டாக்டர் கெர்ஷா காட்டேஜ் மருத்துவமனை என்கிற சின்ன இடத்தில் ஒரு ஆபரேஷன் தியேட்டரும் அதை ஒட்டி ஒரு குட்டி லேபும் அவங்களுக்குக் கிடைச்சது.

அந்த லேப்பை வேலை செய்யற லேபாக மாத்தினது ஜீன். இங்கே கொஞ்சம் நிறுத்தி, அது என்ன வேலைன்னு பார்த்துடலாம். ஏன்னா உதவியாளர் என்ற ஒரே வார்த்தையில் இதைத்தான் உலகம் மறைச்சு வைச்சுடுச்சு.

மனித முட்டையின் குறுக்களவு சுமார் 0.1 மில்லிமீட்டர். உடம்பை விட்டு வெளியே வந்த நொடியிலிருந்து அதுக்கு எதிரி நம்ம சாதாரண அறைதான். முதல் விஷயம் வெப்பம். 37 டிகிரியிலிருந்து அறை வெப்பத்துக்கு இறங்கினா முட்டைக்குள்ள குரோமோசோம்களைப் பிடிச்சு வைச்சிருக்கிற நுண்ணிய இழைகள் கலைய ஆரம்பிச்சுடும். ஒரு சொட்டுத் திரவம் எவ்வளவு சீக்கிரம் ஆறும்னு தெர்மோடைனமிக்ஸ் படிச்சவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. ரெண்டாவது பிஎச். கரு இருக்கிற திரவத்தில் பைகார்பனேட் இருக்கும். அதோட பிஎச் 7.2லிருந்து 7.4 வரைக்கும் நிக்கணும்னா, மேல இருக்கிற காற்றில் கார்பன் டை ஆக்சைடு 5 சதவீதம் அளவுக்கு இருக்கணும். தட்டை வெளியே எடுத்தா வாயு பறந்து போகும், திரவம் காரமாகும், கரு திணறும். மூணாவது ஆவியாதல். சொட்டில் தண்ணீர் குறைஞ்சா உப்பு கெட்டியாகும். அதுக்காக சொட்டுக்கு மேல எண்ணெய் ஊத்தி மூடி வைப்பாங்க.

இன்னைக்கு இதுக்கெல்லாம் சென்சாரும் ஃபீட்பேக் லூப்பும் வைச்ச இன்குபேட்டர் வந்துடுச்சு. 1970ல் அந்த வசதி ஏது? தட்டுகளைக் காற்றுப் புகாத ஜாடிக்குள்ள அடுக்கி, 5 சதவீதம் ஆக்ஸிஜன், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, 90 சதவீதம் நைட்ரஜன் கலந்த வாயுவை உள்ளே விட்டு மூடி, 37 டிகிரி பெட்டிக்குள்ள வைக்கிறது அந்தக் காலத்து முறை. வளர்ப்புத் திரவமும் கடையில் பாட்டிலில் கிடைக்காது. உப்புகளை எடை போட்டு, சுத்தமான தண்ணீரில் கலந்து, வடிகட்டி, சரியா இருக்கான்னு சோதிச்சு, தாங்களே தயாரிக்கணும். ஒரு பாத்திரம் சரியா கழுவப்படலைன்னா போச்சு, ஒரு பெண்ணின் அந்த மாசத்து வாய்ப்பு முழுசும் போச்சு. இங்கே கன்ட்ரோலர் ஜீன்தான். சென்சாரும் அவர்தான், பல நேரம் அலாரமும் அவர்தான்.

இதோட பதிவேடு. எந்த முட்டை எத்தனை மணிக்கு எடுத்தது, எத்தனை மணிக்கு விந்தணு சேர்த்தது, எத்தனை மணிக்கு ரெண்டு செல், எத்தனை மணிக்கு நாலு செல் என்று எல்லாமே நோட்டில் கையால் எழுதினது. அந்த நோட்டுகள் அழியாம இருந்ததால, பல வருஷம் கழிச்சு வந்த ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்து கணக்கெடுக்க முடிஞ்சது. லேப் ரெக்கார்டை கடைசி நாளில் மொத்தமா எழுதுற நமக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

பலன் சீக்கிரமே வந்தது, ஆனா தாளில் மட்டும். 1970ல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை: வெளியே கருவாக்கின மனித முட்டை பிளந்து பெருகுவதைப் பத்தி. எட்வர்ட்ஸ், ஸ்டெப்டோ, பர்டி என்று மூணு பேர். 1971ல் அதே இதழில் இன்னொண்ணு: கரு நூற்றுக்குக் கிட்ட செல்கள் கொண்ட, உள்ளே நீர் நிறைஞ்ச பந்தாக ஆகிற பிளாஸ்டோசிஸ்ட் நிலை வரைக்கும் தட்டிலேயே வளர்ந்தது. அதிலும் ஜீன் பேர் இருக்கு. வேலைக்குச் சேர்ந்து மூணு வருஷத்துக்குள்ள ஒரு நர்ஸின் பேர் 'நேச்சர்'ல ரெண்டு தடவை. மொத்தமா அந்த ரெண்டு பேரோடு 26 கட்டுரைகளில் அவர் பேர் உண்டு.

பணம் மட்டும் வரல. 1971ல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நிதி கேட்ட விண்ணப்பத்தைத் தள்ளிடுச்சு. முதலில் குரங்கில் செய்து காட்டுங்க என்பது ஒரு காரணம். அதுக்கும் அடியில் இன்னொரு எண்ணம் இருந்தது: உலகத்தில் ஜனத்தொகை பெருத்துக்கிட்டே போகுது, இந்த நேரத்தில் குழந்தை இல்லைங்கிறது ஒரு பெரிய நோயா? அந்தக் காலத்து மருத்துவ உலகத்தில் பலருக்கு இது நியாயமான கேள்வியாத்தான் பட்டது. குழந்தையில்லாத ஒரு பெண்ணைக் கல்யாண வீட்டில் எப்படிப் பார்ப்பாங்கன்னு தெரிஞ்ச எந்த ஊர்க்காரருக்கும் அப்படிப் பட்டிருக்காது. கடைசியில் அமெரிக்காவிலிருந்து ஒருவர் தனிப்பட்ட முறையில் கொடுத்த பணத்தில்தான் வேலை ஓடியது.

அடுத்த ஆறு வருஷம் தோல்வி. கரு தட்டில் அழகா வளரும். கருப்பையில் வைப்பாங்க. ஒட்டாது. மறுபடி இன்னொரு பெண், இன்னொரு ஆபரேஷன், இன்னொரு ராத்திரி முழுக்கக் காவல், மறுபடி இல்ல. ஒருமுறை கர்ப்பம் தங்கினப்போ அது கருப்பைக்குப் பதிலா கருக்குழாயில் தங்கிடுச்சு. அதை எடுக்க வேண்டி வந்தது. 1976ல் அதையும் ஒளிக்காம 'லான்செட்' இதழில் எழுதினாங்க.

அந்த நோட்டுகளிலிருந்து பிறகு எடுத்த கணக்கு இது. 1969லிருந்து 1978 வரைக்கும் 282 பெண்கள். 457 லேப்ராஸ்கோப்பி. கரு திருப்பி வைக்கப்பட்டது 112 முறை. கர்ப்பம் தரிச்சது 5. குழந்தை 2.

அந்த எண்களை இன்னொரு தடவை படிங்க. 282 பேரில் 280 பேர் வெறுங்கையோட வீட்டுக்குப் போனாங்க. ஊர் பேர் தெரியாத அந்தப் பெண்கள் இல்லாம இந்த அறிவியல் இல்ல. அவங்க ஒவ்வொருத்தரிடமும் பேசி, ஆபரேஷனுக்குத் தயார் பண்ணி, பிறகு கரு பிளக்கலைன்னோ ஒட்டலைன்னோ செய்தி வர்ற நாளில் பக்கத்துல இருக்கிறதும் அந்தச் சின்னக் குழுவின் வேலைதான். நர்ஸ் படிப்பு அங்கேதான் கை கொடுத்திருக்கும்னு நான் நினைக்கிறேன். சுத்தமான உயிரியல் படிச்சுட்டு வந்த ஒருத்தருக்கு மைக்ராஸ்கோப்பில் தெரிவது செல். ஜீனுக்கு அது அடுத்த அறைக் கட்டிலில் படுத்திருக்கிற ஒருத்தரின் செல்.

நடுவில ஜீனின் அம்மாவுக்கு உடம்பு முடியாம போச்சு. ஜீன் விடுப்பு எடுத்துக்கிட்டு வீட்டில் இருந்து பார்த்துக்கிட்டார். ஓல்டமில் என்ன நடந்தது தெரியுமா? வேலை நின்னு போச்சு. எட்வர்ட்ஸ் அவர் இல்லாம தொடர மறுத்துட்டார். உலகத்திலேயே முன்னணியில் இருந்த ஒரு ஆராய்ச்சி, ஒரு உதவியாளர் திரும்பி வரட்டும்னு காத்திருந்தது. ஒரு சிஸ்டத்தில் எந்தப் பாகம் முக்கியம்னு கண்டுபிடிக்க அதைக் கழட்டிப் பார்க்கிற வழி ஒண்ணு இருக்கே, அது இங்கே தானாவே நடந்துடுச்சு.

ஜீன் திரும்பி வந்தார். 1977ல் குழு ஒரு பெரிய மாற்றம் செய்தது. அதுவரைக்கும் ஹார்மோன் ஊசி போட்டு ஒரே நேரத்தில் பல முட்டைகளை முதிர வைச்சாங்க. அந்த மருந்துகளே கருப்பையின் தாளத்தைக் கெடுக்குதோன்னு சந்தேகம். அதனால ஊசியை விட்டுட்டு, இயற்கையா மாசத்துக்கு ஒண்ணு முதிரும் முட்டைக்காகக் காத்திருக்கலாம்னு முடிவு பண்ணாங்க. முட்டை எப்போ வெளிவரும்னு தெரிய, பெண்ணின் சிறுநீரை 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை சோதிச்சு, ஒரு குறிப்பிட்ட ஹார்மோன் ஏறுதான்னு பார்க்கணும். ஏறினா அங்கிருந்து கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். அது ராத்திரி 2 மணியைக் காட்டினா ராத்திரி 2 மணிக்குத்தான் ஆபரேஷன். இருக்கிறதும் ஒரே ஒரு முட்டை. தவறவிட்டா மாற்று இல்ல. மியூரியல் ஹாரிஸ் என்பவர் தலைமையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸுகள் தங்கள் ஓய்வு நேரத்தையும் போட்டு இதுக்கு நின்னாங்க.

பிரிஸ்டலிலிருந்து லெஸ்லி பிரவுன் வந்திருந்தார். கருக்குழாய் அடைப்பு, ஒன்பது வருஷமாக் குழந்தை இல்ல. 1977 நவம்பர் 10ஆம் தேதி ஸ்டெப்டோ அவரிடமிருந்து ஒரு முட்டையை எடுத்தார். தட்டில் கணவரின் விந்தணு சேர்க்கப்பட்டது. அப்புறம் காத்திருப்பு.

அந்தக் காத்திருப்பு எப்படி இருக்கும்னா, அடிக்கடி திறந்து பார்க்கவும் கூடாது, பார்க்காம விடவும் கூடாது. திறக்கிற ஒவ்வொரு தடவையும் வெப்பமும் வாயுவும் போகும். பார்க்காம விட்டா எந்த நேரத்தில் திருப்பி வைக்கணும்னு தெரியாது. இந்த ரெண்டுக்கும் நடுவில் சரியான நேரத்தைத் தீர்மானிக்கிறது எந்தப் புத்தகத்திலும் எழுதாத அறிவு. அப்போ அப்படி ஒரு புத்தகமே கிடையாது. அந்தக் கரு பிளந்து செல்களாகப் பெருகியதை முதலில் பார்த்தவர் ஜீன் பர்டி. பெற்றவங்களுக்கும் முன்னாடி, ரெண்டு பெரிய டாக்டர்களுக்கும் முன்னாடி. ரெண்டு நாள் கழிச்சு, நள்ளிரவை ஒட்டின நேரத்தில், எட்டு செல் நிலையில் அது லெஸ்லியின் கருப்பைக்குப் போனது.

1978 ஜூலை 25, இரவு 11.47. ஓல்டம் பொது மருத்துவமனையில் சிசேரியனில் லூயிஸ் ஜாய் பிரவுன் பிறந்தார். எடை 2.6 கிலோ. பத்திரிகைக்காரங்க மருத்துவமனையைச் சுத்தி வளைச்சு நின்னிருந்தாங்க. உலகம் முழுக்க முதல் பக்கச் செய்தி. 1979 ஜனவரியில் ரெண்டாவது குழந்தை, ஒரு பையன், பிறந்தான்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இந்த இடத்தில் சுபாஷ் முகோபாத்யாய் ஞாபகம் வராம இருக்காது. லூயிஸ் பிறந்து 70 நாள் தள்ளி, 1978 அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் துர்கா பிறந்தாள். அவர் செய்ததை நம்ப மறுத்து, அவமானப்படுத்தி, 1981ல் தற்கொலை வரைக்கும் தள்ளினது நம்ம அரசாங்க அமைப்பு. அதுக்குத் தனிக் கட்டுரை வேணும். எந்த டிபார்ட்மென்ட்காரராவது அடுத்த இதழுக்கு எழுதுங்க.

ஓல்டமுக்கு வருவோம். பிறப்பை அறிவிச்சு 1978 ஆகஸ்டில் 'லான்செட்'ல வந்த சின்னக் கடிதத்தில் ரெண்டு பேர்தான்: ஸ்டெப்டோ, எட்வர்ட்ஸ். பத்திரிகைகள் எழுதினதும் ரெண்டு பேரைத்தான். ஒருத்தர் ஆபரேஷன் செய்கிறவர், இன்னொருத்தர் பேராசிரியர் மாதிரி விளக்கம் சொல்கிறவர். மூணாவதா ஒரு வேலை இருக்குன்னு வாசகர்களுக்குத் தெரியாது, ஏன்னா அந்த வேலைக்கு அப்போ ஒரு பேரே கிடையாது. பேர் இல்லாத வேலையைச் செய்கிறவரை எந்த வரிசையில் உட்கார வைப்பீங்க?

அதே வருஷம் ஸ்டெப்டோவுக்கு அரசு மருத்துவ சேவையிலிருந்து ஓய்வு வயசு வந்துடுச்சு. ஓல்டம் லேப் மூடப்பட்டது. உலகமே கொண்டாடின சிகிச்சையை நடத்த அரசு பணம் கொடுக்கல. ரெண்டு வருஷம் ஒரு கருகூட வளர்க்கப்படல. சொந்தமா இடம் தேடணும். தேடிக் கண்டுபிடிச்சவர் ஜீன். கேம்பிரிட்ஜ் பக்கத்தில் போர்ன் என்கிற கிராமத்தில் நானூறு வருஷப் பழைய மாளிகை ஒண்ணு, போர்ன் ஹால். 1980ல் அது உலகத்தின் முதல் ஐவிஎஃப் கிளினிக்காகத் திறந்தது. மாளிகைன்னு சொன்னதும் பெருசா நினைச்சுக்காதீங்க. தோட்டத்தில் லாரியில் கொண்டு வந்து இறக்கின தற்காலிகக் கேபின்களும் சேர்ந்துதான் மருத்துவமனை. ஜீன் அங்கே டெக்னிக்கல் டைரக்டர்.

ஓல்டமில் அது ஒருத்தரின் கைப்பழக்கம். போர்ன் ஹாலில் அது தொழிலாச்சு. எந்த நேரத்தில் என்ன பார்க்கணும், யார் பார்க்கணும், எப்படிக் குறிக்கணும், ஒருத்தரின் தட்டு இன்னொருத்தருக்கு மாறாம இருக்க என்ன செய்யணும் என்று வழக்கங்கள் உருவாச்சு. அங்கே வேலை பார்த்த, கத்துக்கிட்ட இளைஞர்கள் பிறகு பல நாட்டு கிளினிக்குகளுக்குப் போய் லேப் தொடங்கினாங்க.

இன்னைக்கு ஒரு கருவியலாளரின் நாள் எப்படிப் போகுதுன்னு பார்த்தா, அந்தப் பழக்கத்தின் எலும்புக்கூடு அப்படியே தெரியும். காலையில் டாக்டர் ஊசியால் உறிஞ்சி அனுப்புற திரவத்துக்குள்ள முட்டையைத் தேடி எடுக்கிறது. மதியம் விந்தணு சேர்க்கிறது, அல்லது 1992ல் பெல்ஜியத்திலிருந்து அறிவிக்கப்பட்ட இக்ஸி முறையில் தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால் ஒரே ஒரு விந்தணுவை முட்டைக்குள்ள செலுத்துறது. 16லிருந்து 18 மணி நேரம் கழிச்சு முட்டைக்குள்ள ரெண்டு உட்கருக்கள் தெரியுதான்னு பார்க்கிறது. தெரிஞ்சா கருவாச்சு. மூணு தெரிஞ்சா அதை ஒதுக்கணும். மூணாம் நாள் எட்டு செல், அஞ்சாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட். பத்துக் கரு இருந்தா எதை வைக்கிறது, எதை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைய வைக்கிறது, எதை விட்டுடுறது என்று சொல்ல வேண்டியதும் அவங்க. ஒவ்வொரு கட்டத்திலும் பேரைச் சரிபார்க்க இன்னொருத்தர் சாட்சியா நிக்கணும். பெற்றவங்க அவங்க முகத்தைப் பார்த்திருக்கக்கூட மாட்டாங்க. நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டு ஃப்ளெக்ஸ்களில் குழந்தைப் படம் இருக்கும், டாக்டர் படம் இருக்கும், சதவீதம் இருக்கும். லேப்பில் இருக்கிறவர் படத்தோட ஒரு ஃப்ளெக்ஸை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல.

ஜீனுக்கு இதையெல்லாம் பார்க்க நேரம் கிடைக்கல. மெலனோமா என்கிற தோல் புற்றுநோய். நோய் முத்தின காலத்திலும் வேலையை விட்டுப் பிரியாம இருக்கணும்னு போர்ன் ஹாலிலேயே அவருக்கு ஒரு அறை ஒதுக்கிக் கொடுத்தாங்க. 1985 மார்ச் 16ஆம் தேதி இறந்தார். நாற்பதாவது பிறந்தநாளுக்கு 40 நாள் இருந்தது. அவர் வேலை செய்த காலத்தில் கருவான குழந்தைகள் சுமார் 370 பேர். அவருக்குத் திருமணம் ஆகல, சொந்தக் குழந்தையும் இல்ல. கேம்பிரிட்ஜ் அருகே கிராண்ட்செஸ்டர் தேவாலயக் கல்லறையில் அம்மாவுக்கும் பாட்டிக்கும் பக்கத்தில் புதைச்சாங்க. வெறும் பேரும் தேதியும்தான், அவர் யார்னு அங்கே எதுவும் இல்ல.

அவர் உயிரோட இருந்தப்பவே ஒரு சம்பவம் நடந்துச்சு. ஓல்டம் மருத்துவமனையில் லூயிஸின் பிறப்பை நினைவுகூர ஒரு பலகை வைக்க சுகாதார அதிகாரிகள் முடிவு செய்தாங்க. எட்வர்ட்ஸ் அவங்களுக்குக் கடிதம் எழுதினார்: ஜீன் பத்து வருஷம் தன்னோடு ஓல்டமுக்குப் பயணம் செய்தவர், இந்த வேலையில் தனக்குச் சமமான பங்கு அவருக்கும் உண்டு, அவர் பேர் கட்டாயம் வரணும் என்று. பலகை வந்தது. அதில் ஸ்டெப்டோ பேரும் எட்வர்ட்ஸ் பேரும் இருந்தது. மத்தவங்க எல்லாம் உதவிப் பணியாளர்கள் என்ற ஒரே வார்த்தையில் அடங்கிட்டாங்க. அந்தக் கடிதங்கள் 2019ல் கேம்பிரிட்ஜ் சர்ச்சில் கல்லூரி ஆவணக் காப்பகத்தில் திறக்கப்பட்டப்போதான் வெளியே தெரிஞ்சது. பாஸ் கெட்டவரா இருந்ததால ஒருத்தர் பேர் மறைஞ்சதுங்கிற கதை நமக்குப் பழக்கம். இங்கே பாஸ் சண்டை போட்டும் நடக்கல. அது எனக்கு இன்னும் மோசமாத் தோணுது.

1988ல் ஸ்டெப்டோ காலமானார். 2010ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு எட்வர்ட்ஸுக்கு மட்டும் கிடைச்சது. இறந்தவங்களுக்கு நோபல் கொடுக்கிறதில்ல என்பது விதி, அதனால மத்த ரெண்டு பேரும் கணக்கிலேயே இல்ல. ஜீன் உயிரோட இருந்திருந்தா மூணாவது இடம் அவருக்குக் கிடைச்சிருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். எட்வர்ட்ஸ் மட்டும் கடைசி வரைக்கும் மாறல. ஐவிஎஃப்பின் இருபதாவது ஆண்டில், 1998ல், முன்னோடிகள் ரெண்டு பேர் இல்ல, மூணு பேர்னு மேடையிலேயே சொன்னார். 2013ல் அவரும் போயிட்டார்.

அதுக்கப்புறம் பலகைகள் ஒவ்வொண்ணா வந்துச்சு. 2015ல் கெர்ஷா மருத்துவமனையில் வைச்ச நீலப் பலகையில் மூணு பேரும் இருக்காங்க. 2018ல், லூயிஸுக்கு நாற்பது வயசு ஆன வருஷம், கிராண்ட்செஸ்டர் கல்லறையில் ஒரு புது நினைவுக் கல் வைச்சாங்க. உலகத்தின் முதல் ஐவிஎஃப் கருவியலாளர்னு அதில் பொறிச்சிருக்கு. 2022ல் ஓல்டம் மருத்துவமனையிலும் ஒரு பலகை வந்தது, ஜீன் பர்டிக்கும், ராத்திரி 2 மணிக்குத் தியேட்டரைத் திறந்து வைச்ச மியூரியல் ஹாரிஸுக்கும் சேர்த்து. திறந்து வைச்சவர் லூயிஸ் பிரவுன்.